பெருந்தொற்று இன்ஃப்ளூயன்சாவுக்கான தயார்நிலையும் செலவும்: அனகாபுத்தூர்

பெருந்தொற்று இன்ஃப்ளூயன்சாவுக்கான தயார்நிலை என்பது, மக்கள் உடலில் எதிர்ப்பாற்றல் இல்லாத ஒரு புதிய இன்ஃப்ளூயன்சா வைரஸ் நாடுவிட்டு நாடு பரவும்போது அதை விரைவில் கண்டறியவும், நோயுற்றோரைப் பராமரிக்கவும், இறப்பைக் குறைக்கவும் பொதுச் சுகாதாரத் துறை முன்கூட்டியே செய்துவைக்கும் ஏற்பாடுகளைக் குறிக்கும். நோய்க் கண்காணிப்பு, ஆய்வகம், மருந்து இருப்பு, தடுப்பூசி, மருத்துவமனைப் படுக்கை, பணியாளர் ஆகியவை இதில் அடங்கும். இந்த ஏற்பாடுகளுக்கான செலவு நோய் வராத ஆண்டுகளிலும் தொடர்வதால், அது தேவைதானா என்ற கேள்வி எல்லா நாடுகளிலும் எழுந்துள்ளது. தென்சென்னைப் புறநகரில் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்த அனகாபுத்தூரை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அந்தச் செலவை விளக்குகிறது.

ஊரும் சுகாதார அமைப்பும்

அனகாபுத்தூர் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடையாற்றின் கரையில், பம்மலுக்கும் குன்றத்தூருக்கும் இடையே அமைந்துள்ளது. கைத்தறி நெசவுக்கும், வாழைநார் முதலிய இயற்கை நார்களால் நெய்யப்படும் சேலைகளுக்கும் பெயர்பெற்ற ஊர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு 48,050 பேர் வசித்தனர். தனி நகராட்சியாக இருந்த இது, தாம்பரம், பல்லாவரம், பம்மல், செம்பாக்கம் நகராட்சிகளுடனும் ஐந்து பேரூராட்சிகளுடனும் சேர்க்கப்பட்டு 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியின் பகுதியானது.

தொற்றுநோய் நோக்கில் இவ்வூரின் இருப்பிடம் கவனிக்கத்தக்கது. மீனம்பாக்கம் பன்னாட்டு விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், கிண்டி என நாள்தோறும் பேருந்திலும் மின்தொடர்வண்டியிலும் வேலைக்குச் சென்று திரும்புவோர் மிகுதி. சென்னையில் பரவும் நோய் இங்கு வந்துசேர நாள் ஆகாது. ஆனால் நிர்வாக எல்லைப்படி இவ்வூர் சென்னை மாநகராட்சிக்கு வெளியே உள்ளது. நோய் ஒரே நகரமாகக் கருதிப் பரவும் பகுதியை, சுகாதார நிர்வாகம் சென்னை, செங்கல்பட்டு, காஞ்சிபுரம் என மாவட்டம் மாவட்டமாகப் பிரித்துக் கையாள்கிறது. 2020 சூன் மாதத்தில் கோவிட் பரவலைத் தடுக்க முழு ஊரடங்கு விதிக்கப்பட்டபோது, சென்னையோடு அண்டை மாவட்டங்களின் புறநகர்ப் பகுதிகளும் சேர்க்கப்பட்டதற்கு இதுவே காரணம்.

2013இல் தொடங்கிய தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கத்தின் வரையறைப்படி, நகர்ப்புறத்தில் சுமார் 50,000 பேருக்கு ஒரு நகர்ப்புற ஆரம்பச் சுகாதார நிலையம் இருக்க வேண்டும். அனகாபுத்தூரின் மக்கள்தொகை ஏறக்குறைய இந்த ஒரு நிலையத்துக்கு உரிய அளவு. இதற்கடுத்த நிலையில் 15,000 முதல் 20,000 பேருக்கு ஒன்று என நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் பின்னர் திட்டமிடப்பட்டன. அந்தக் கணக்கில் இவ்வளவு மக்கள்தொகைக்குச் சுமார் மூன்று மையங்கள் தேவை. மேல்சிகிச்சைக்குக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனை, தாம்பரம் சானடோரியத்தில் உள்ள அரசு நெஞ்சக மருத்துவமனை, சென்னையின் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் ஆகியவற்றை மக்கள் நாடுகின்றனர்.

பருவக் காய்ச்சலும் பெருந்தொற்றும்

இன்ஃப்ளூயன்சா ஒவ்வோர் ஆண்டும் பருவக் காய்ச்சலாக வந்துபோகும் நோய்தான். இந்தியாவின் பல பகுதிகளில் இது தென்மேற்குப் பருவமழையோடு சூலை முதல் செப்டம்பர் வரை உச்சம் பெறுகிறது. சென்னைப் பகுதியில் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி அக்டோபர், நவம்பர் மாதங்களில் கூடுவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. டெங்கு காய்ச்சலும் எலிக்காய்ச்சலும் கூடும் காலமும் அதுவே என்பதால், எந்தக் காய்ச்சல் எது எனப் பிரித்தறிவது இப்பகுதி மருத்துவர்களுக்கு ஆண்டுதோறும் எழும் சிக்கல்.

வைரஸின் மேற்புரதங்கள் ஆண்டுக்காண்டு சிறிது சிறிதாக மாறுவதால் பருவக் காய்ச்சல் தொடர்கிறது. பறவை, பன்றி முதலியவற்றில் உள்ள வைரஸ்களின் மரபுக்கூறுகள் கலந்தோ, விலங்கிலிருந்து நேரடியாகவோ முற்றிலும் புதிய வகை ஒன்று மனிதரிடையே பரவத் தொடங்கினால் பெருந்தொற்று உண்டாகிறது. 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் இவ்வாறு நான்கு பெருந்தொற்றுகள் ஏற்பட்டன. அடுத்தது எப்போது வரும் என்பதைக் கணிக்க இயலாது. கோவிட்-19 இன்ஃப்ளூயன்சா அன்று. எனினும் மூச்சுவழிப் பரவும் நோய்க்கு எத்தகைய ஏற்பாடுகள் தேவை என்பதை அது மிகப் பெரிய அளவில் சோதித்துக் காட்டியது.

சென்னை கண்ட பெருந்தொற்றுகள்

1918ஆம் ஆண்டுப் பெருந்தொற்று பம்பாய்த் துறைமுகம் வழியாக இந்தியாவுக்குள் நுழைந்தது. இந்தியாவில் 1.2 கோடி முதல் 2 கோடி பேர் வரை இறந்ததாக மதிப்பீடுகள் உள்ளன. பம்பாய், மத்திய மாகாணங்களோடு ஒப்பிட்டால் சென்னை மாகாணத்தில் இறப்பு விகிதம் குறைவு. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, 1922இல், சென்னை மாகாணத்தில் பொதுச் சுகாதாரத்துக்கெனத் தனி இயக்ககம் உருவாயிற்று. 1939இல் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் இயற்றப்பட்டது. நோய் தீர்க்கும் மருத்துவமனைகளுக்கு அப்பால், நோய் தடுப்பதற்கென்றே தனிப் பணியாளர் அணியைப் பேணும் மரபு தமிழ்நாட்டில் இவ்வாறு வேரூன்றியது.

1957ஆம் ஆண்டுப் பெருந்தொற்று இந்தியாவுக்குள் வந்த வழி சென்னைதான். அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலிருந்து சென்னைத் துறைமுகம் வந்த கப்பலில் நோயாளிகள் இருந்தனர். அவர்களைப் பிரித்துவைத்தும் நோய் நகருக்குள் பரவிவிட்டது. 1958 பிப்ரவரி வரை நாடு முழுவதும் 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நோயுற்றதாகவும், ஏறத்தாழ 1,100 பேர் இறந்ததாகவும் பதிவாயிற்று. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் இயங்கிய இன்ஃப்ளூயன்சா மையம் அந்த வைரஸை ஆராய்ந்தது. நுழைவாயிலில் தடுத்துவிடலாம் என்ற எதிர்பார்ப்பு எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இது பழைய சான்று. இன்ஃப்ளூயன்சா தொற்றியவர் அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே நோயைப் பரப்பத் தொடங்கிவிடுவதால், விமான நிலையத்தில் காய்ச்சல் பார்க்கும் கருவி வைத்தாலும் பலர் சிக்காமல் கடந்துவிடுவர். அத்தகைய சோதனை நோயைச் சில நாள் தாமதப்படுத்தலாம், நிறுத்த இயலாது. அந்தச் சில நாட்களில் உள்ளூர்ச் சுகாதார நிலையம் என்ன செய்து முடிக்கிறது என்பதே பயனைத் தீர்மானிக்கும்.

2009இல் பன்றிக்காய்ச்சல் எனப் பரவலாக அழைக்கப்பட்ட எச்1என்1 பெருந்தொற்றை உலக சுகாதார நிறுவனம் சூன் 11 அன்று அறிவித்தது. இந்தியாவில் முதல் நோயாளி மே மாதத்தில் ஐதராபாத்தில் கண்டறியப்பட்டார். தமிழ்நாட்டில் கிண்டி கிங் ஆய்வகம் இந்நோய்க்கான பரிசோதனையை மேற்கொண்டது. அரசு கணக்கின்படி இந்தியாவில் 2009இல் 981 பேரும், 2010இல் 1,763 பேரும் இறந்தனர். இந்தியாவில் தயாரான தடுப்பூசி 2010ஆம் ஆண்டின் நடுவில்தான் சந்தைக்கு வந்தது. பெருந்தொற்று முடிந்ததாக 2010 ஆகத்து மாதம் அறிவிக்கப்பட்ட பின்னரும் அந்த வைரஸ் பருவக் காய்ச்சலாகத் தங்கிவிட்டது. 2015இல் நாட்டில் 42,592 பேர் பாதிக்கப்பட்டு 2,990 பேர் இறந்தனர். பெருந்தொற்று ஆண்டைவிட, அது மறக்கப்பட்ட பின் வந்த ஓர் ஆண்டில் பதிவான இறப்பு மும்மடங்கு.

ஓர் ஊருக்கான கணக்கு

பெருந்தொற்றுத் திட்டங்களில் பொதுவாக மக்கள்தொகையில் கால் பங்கினர் நோயுறுவர் என்ற அனுமானம் எடுத்துக்கொள்ளப்படுகிறது. இது முன்னறிவிப்பு அன்று. எவ்வளவு ஏற்பாடு வேண்டும் என்பதை மதிப்பிட உதவும் கணக்கு மட்டுமே. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகையை வைத்தே பார்த்தால் அனகாபுத்தூருக்கு அது பின்வருமாறு அமையும். இன்றைய மக்கள்தொகை இதைவிடக் கூடுதலாதலால் உண்மைத் தேவையும் கூடும்.

மொத்த நோயாளிகள்: 48,050இல் கால் பங்கு, அதாவது சுமார் 12,000 பேர்.

உச்ச வாரம்: நோயலை மூன்று மாதம் நீடித்து, அதில் ஐந்தில் ஒரு பங்கினர் ஒரே வாரத்தில் நோயுற்றால் 2,400 பேர்.

அரசு நிலையத்துக்கு வருவோர்: அவர்களில் பாதிப் பேர் மட்டும் வந்தாலும் வாரத்துக்கு 1,200 பேர், ஆறு வேலை நாட்களுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 200 பேர்.

மருத்துவர் நேரம்: ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்றால் 1,000 நிமிடம், அதாவது நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரத்துக்கும் மேல்.

மருத்துவமனைச் சேர்க்கை: நோயுற்றோரில் நூற்றுக்கு ஒருவர் முதல் நால்வர் வரை எனக் கொண்டால், முழு அலையில் 120 முதல் 480 பேர்.

ஒரே மருத்துவர் உள்ள நிலையத்தால் இந்த உச்ச வாரத்தைக் கடக்க முடியாது. ஆரம்பச் சுகாதார நிலையத்துடன் மூன்று நலவாழ்வு மையங்களும் மருத்துவரோடு இயங்கினால், ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு 50 காய்ச்சல் நோயாளிகள் கூடுதலாக வருவர். அது கடினமான வேலை, ஆனால் செய்யக்கூடியது. கர்ப்பிணிகளின் பரிசோதனை, குழந்தைகளுக்கான தடுப்பூசி, சர்க்கரை நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும் தரும் மாத்திரை ஆகிய அன்றாடப் பணிகளும் அதே இடத்தில்தான் நடக்க வேண்டும். நால்வரில் ஒரு மருத்துவர் தாமே நோயில் விழுந்தால் கணக்கு மீண்டும் இறுகும்.

மருத்துவமனைப் படுக்கையின் நெருக்கடி இன்னும் பெரிது. அனகாபுத்தூர் தனியாக நோயுறாது. தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்த ஊர்களின் மொத்த மக்கள்தொகை 2011இலேயே ஏழு லட்சத்துக்கும் அதிகம். மேற்கண்ட அனுமானத்தின் குறைந்த அளவை எடுத்தாலும், மாநகராட்சி முழுவதற்கும் சேர்த்து உச்ச வாரத்தில் மட்டும் 350 பேருக்குப் படுக்கை வேண்டியிருக்கும். சென்னையின் பெரிய மருத்துவமனைகளும் அதே வாரத்தில் நிரம்பியிருக்கும் என்பதால், மேல்சிகிச்சைக்கு அனுப்பிவிடலாம் என்ற வழக்கமான வழி அப்போது அடைபடும்.

தயார்நிலையின் கூறுகள்

கண்காணிப்பு

2004இல் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தின் வழியாகச் சுகாதார நிலையங்கள் வாரந்தோறும் காய்ச்சல், சளி, நிமோனியா எண்ணிக்கையை அனுப்புகின்றன. ஒரு வார்டில் காய்ச்சல் திடீரெனக் கூடினால் அதை முதலில் காட்டுவது இந்த எண்ணிக்கையே. இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. ஒவ்வொரு நாளும் பதிவேட்டை நிரப்பும் ஆள் தேவை. அந்தப் பணியிடம் காலியாக இருக்கும் மாதங்களில் அறிக்கையில் நோய் குறைந்ததாகவே தோன்றும். புறநகரில் பெரும்பாலானோர் காய்ச்சலுக்கு முதலில் செல்வது தெருமுனைத் தனியார் கிளினிக்குக்கோ மருந்துக்கடைக்கோ ஆதலால், அவற்றின் தகவலும் சேராவிட்டால் படம் முழுமையாகாது.

பரிசோதனையும் வகைப்படுத்தலும்

பெருந்தொற்றுக் காலத்தில் எல்லோருக்கும் பரிசோதனை செய்வது ஆய்வகத்தால் இயலாது, தேவையும் இல்லை. மத்திய சுகாதார அமைச்சகம் எச்1என்1 நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தது. லேசான காய்ச்சல், இருமல் உள்ளோர் முதல் வகை. அவர்களுக்குப் பரிசோதனையோ வைரஸ் எதிர்ப்பு மருந்தோ வேண்டியதில்லை, வீட்டிலேயே ஓய்வெடுக்க வேண்டும். கடும் காய்ச்சல் உள்ளோரும், கர்ப்பிணி, குழந்தை, முதியோர், நாட்பட்ட நோயுள்ளோர் ஆகியோரும் இரண்டாம் வகை. அவர்களில் ஆபத்து மிகுந்தோருக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருந்து தரலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இரத்த அழுத்தக் குறைவு முதலியவை உள்ளோர் மூன்றாம் வகை. அவர்களை உடனே மருத்துவமனையில் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். இந்தப் பிரிப்பைச் சரியாகச் செய்யப் பயிற்சி பெற்ற ஒரு செவிலியர் இருந்தால், மருத்துவரின் நேரமும் ஆய்வகச் செலவும் பெருமளவு மிஞ்சும்.

மருந்து

ஒசல்டமிவிர் என்பது இன்ஃப்ளூயன்சாவுக்கான முதன்மை வைரஸ் எதிர்ப்பு மருந்து. அறிகுறி தோன்றிய இரண்டு நாட்களுக்குள் தொடங்கினால் பயன் கூடுதல். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு இரண்டு வீதம் ஐந்து நாளைக்குப் பத்து மாத்திரை தேவை. மேற்கண்ட 12,000 பேரில் பத்தில் ஒருவருக்கு மட்டும் தரப்பட்டாலும் அனகாபுத்தூருக்கு 12,000 மாத்திரை வேண்டும். 2017 வரை இம்மருந்து கடும் கட்டுப்பாடுள்ள பட்டியலில் இருந்ததால் சில கடைகளில் மட்டுமே கிடைத்தது. அவ்வாண்டு விதி தளர்த்தப்பட்டது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை 1994இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகள் வழியாக வழங்குகிறது. இந்த ஏற்பாட்டால் ஓர் ஊருக்கெனத் தனி இருப்பு வைத்துக் காலாவதியாக விடத் தேவையில்லை. கிடங்கில் பொது இருப்பு வைத்து, தேவை எழும் இடத்துக்கு அனுப்பலாம். அவ்வாறு அனுப்ப, எங்கே தேவை எழுகிறது என்பதைக் கண்காணிப்பு உரிய நேரத்தில் சொல்ல வேண்டும்.

தடுப்பூசி

புதிய வைரஸ் கண்டறியப்பட்டு, அதற்கான தடுப்பூசி தயாராகக் குறைந்தது ஐந்தாறு மாதங்கள் ஆகும். முதல் அலை அதற்குள் கடந்துவிடக்கூடும். அதுவரை மக்களைக் காப்பது மற்ற ஏற்பாடுகளே. ஆண்டுதோறும் சுகாதாரப் பணியாளருக்கும் கர்ப்பிணிகளுக்கும் பருவக் காய்ச்சல் தடுப்பூசி போடும் வழக்கம் உள்ள இடங்களில், பெருந்தொற்றுத் தடுப்பூசி வரும்போது அதை வழங்கும் வழி முன்பே பழகியிருக்கும்.

படுக்கையும் ஆக்சிஜனும்

தாம்பரம் சானடோரியம் மருத்துவமனை, காசநோயாளருக்காக 1928இல் மருத்துவர் சௌரி முத்துவால் தொடங்கப்பட்டு, 1937இல் அரசுடைமை ஆயிற்று. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளருக்கு அங்கு சிகிச்சை அளிக்கப்பட்டது. கோவிட் காலத்திலும் அது நோயாளரை ஏற்றது. ஒரு நோய்க்காகக் கட்டியதும், அதற்காகப் பழகிய பணியாளர்களும் அடுத்த நோய்க்கும் பயன்படுவதற்கு இப்பகுதி மக்கள் அறிந்த எடுத்துக்காட்டு இது. ஆக்சிஜன் உற்பத்திக் கருவிகள் கோவிட் காலத்தில் நாடெங்கும் நிறுவப்பட்டன. அவற்றைப் பராமரிக்க ஆண்டுதோறும் பணமும் தொழில்நுட்பாளரும் இல்லாவிட்டால், தேவைப்படும் நாளில் அவை இயங்கா.

பணியாளர்

மேற்கண்ட எல்லாக் கூறுகளும் பணியாளரிடமே வந்து முடிகின்றன. கோவிட் காலத்தில் தமிழ்நாட்டில் ஒப்பந்த அடிப்படையில் சேர்க்கப்பட்ட 2,300க்கும் மேற்பட்ட செவிலியரின் பணிக்காலம் 2022 திசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. அவர்கள் போராட்டம் நடத்தினர். மாற்றுப் பணி வழங்கப்படும் என அரசு தெரிவித்தது. நெருக்கடியில் சேர்த்து, நெருக்கடி தீர்ந்ததும் விடுவிப்பது கணக்கில் சிக்கனமாகத் தோன்றும். அவர்கள் இரண்டரை ஆண்டுகளில் பெற்ற அனுபவத்துக்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

செலவின் இயல்பு

தயார்நிலைச் செலவு இருவகைப்படும். கட்டடம், கருவி, மருந்து இருப்பு ஆகியவை ஒருமுறைச் செலவு. சம்பளம், பயிற்சி, பராமரிப்பு ஆகியவை தொடர்செலவு. முன்னதைத் திறப்பு விழா நடத்திக் காட்டலாம். பின்னதைக் காட்ட முடியாது.

தமிழ்நாட்டில் 2023 சூன் மாதம் 500 நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் திறக்கப்பட்டன. ஒரு மையத்துக்கான கட்டடச் செலவு 25 லட்சம் ரூபாய். ஒவ்வொன்றிலும் ஒரு மருத்துவர், ஒரு செவிலியர், ஒரு சுகாதார ஆய்வாளர், ஓர் உதவியாளர் என நால்வர். மாவட்ட நலவாழ்வுச் சங்கங்கள் வெளியிட்ட ஆட்சேர்ப்பு அறிவிப்புகளில் இவர்களுக்கான மாதத் தொகுப்பூதியம் முறையே 60,000, 18,000, 14,000, 8,500 ரூபாய் எனக் குறிக்கப்பட்டது. மொத்தம் மாதம் 1,00,500 ரூபாய். ஆண்டுக்கு ஏறத்தாழ 12 லட்சம். இரண்டே ஆண்டுகளில் சம்பளம் கட்டடச் செலவை எட்டிவிடுகிறது. கட்டடம் முப்பது ஆண்டுகள் நிற்கும் என்றால், அந்தக் காலம் முழுவதற்குமான செலவில் கட்டடத்தின் பங்கு மிகச் சிறியது.

மையம் ஒன்று 15,000 முதல் 20,000 பேருக்கு என்பதால், இந்தச் சம்பளச் செலவு தலைக்கு ஆண்டொன்றுக்கு 60 முதல் 80 ரூபாய். தமிழ்நாடு அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு 21,906 கோடி ரூபாய் ஒதுக்கியது. 2011 மக்கள்தொகைப்படி இது தலைக்கு ஏறத்தாழ 3,000 ரூபாய். உலகத் தயார்நிலைக் கண்காணிப்பு வாரியம் 2019இல் வெளியிட்ட அறிக்கை, ஏற்கத்தக்க தயார்நிலைக்குத் தலைக்கு ஆண்டுக்கு ஒன்று அல்லது இரண்டு டாலர் போதும் என்றது. ஊர் மையத்தின் நால்வருக்கான சம்பளமும் அதே அளவில்தான் வருகிறது. அந்த நால்வரும் பெருந்தொற்று வராத நாளெல்லாம் சர்க்கரை நோயும் டெங்குவும் பார்த்துக்கொண்டிருப்பர் என்பதால், பணம் காத்துக் கிடப்பதில்லை.

நிதி மூன்று வழிகளில் வந்தது. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் செலவை மத்திய அரசும் மாநில அரசும் 60:40 என்ற விகிதத்தில் பகிர்கின்றன. பதினைந்தாம் நிதி ஆணையம் 2021–26 காலத்துக்கு உள்ளாட்சிகள் வழியாக நாடு முழுவதும் 70,051 கோடி ரூபாய் சுகாதார மானியம் பரிந்துரைத்தது. கோவிட் அவசரகாலத் தொகுப்பாக மத்திய அரசு 2020இல் 15,000 கோடியும், 2021இல் 23,123 கோடியும் அறிவித்தது. இவற்றில் பின்னிரண்டும் காலவரையறை உள்ளவை. மானியக் காலம் முடிந்தபின் தொடர்செலவு மாநிலத்தின்மீதோ மாநகராட்சியின்மீதோ விழும். சொத்து வரியை முதன்மை வருவாயாகக் கொண்ட புதிய மாநகராட்சிக்குக் குடிநீர், கழிவுநீர், சாலை என ஏற்கெனவே பல சுமைகள் உள்ளன.

வீண்செலவு பற்றிய விமர்சனங்கள்

வராத நோய்க்குச் செலவழிப்பது வீண் என்ற கருத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. அமெரிக்கா 1976இல் பன்றிக்காய்ச்சல் பெருந்தொற்று வரும் என அஞ்சி 13.5 கோடி டாலர் ஒதுக்கி, நான்கு கோடிப் பேருக்குத் தடுப்பூசி போட்டது. நோய் பரவவே இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டோரில் சிலருக்கு நரம்புத் தளர்ச்சி நோய் ஏற்பட்டதால் திட்டம் நிறுத்தப்பட்டது. பிரித்தானியா 2013 வரையிலான சில ஆண்டுகளில் ஒசல்டமிவிர் இருப்புக்காக 42.4 கோடி பவுண்டு செலவிட்டது. இம்மருந்து அறிகுறிக் காலத்தை ஏறத்தாழ அரை நாள் குறைக்கிறது, மருத்துவமனைச் சேர்க்கையைக் குறைப்பதற்குப் போதிய சான்றில்லை என காக்ரேன் ஆய்வாளர்கள் 2014இல் கூறினர். கடுமையாக நோயுற்றோரிடம் விரைவில் தொடங்கினால் பயன் உண்டு என வேறு ஆய்வுகள் கூறின.

செலவழித்தும் பயன் கிட்டாத நிலை அருகிலேயே உண்டு. செங்கல்பட்டு அருகே திருமணியில் ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகம் அமைக்க 2012இல் 594 கோடி ரூபாய் மதிப்பில் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. கோவிட் இரண்டாம் அலை வீசிய 2021 மே மாதத்தில், ஏறத்தாழ 700 கோடி ரூபாய் செலவான பின்னும் அங்கு தடுப்பூசி உற்பத்தி நடைபெறவில்லை. மாநில அரசிடம் அதை ஒப்படைக்குமாறு முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன் 2008இல், தரவிதிகள் பின்பற்றப்படவில்லை எனக் குன்னூர் பாஸ்டர் நிறுவனம், கிண்டி பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வகம் ஆகியவற்றின் உற்பத்தி உரிமம் நிறுத்திவைக்கப்பட்டு, 2010இல் மீட்கப்பட்டது. நீண்ட அனுபவமுள்ள பொதுத்துறை ஆலைகள், 2009 பெருந்தொற்று வந்த ஆண்டில் முடங்கியிருந்தன.

இந்நிகழ்வுகளில் பொதுவான ஒரு கூறு உண்டு. வீணானவை பெரும்பாலும் ஒரே பயனுக்காக வாங்கிய பொருளும், இயக்க ஆளும் பணமும் இல்லாமல் நின்ற கட்டடமும் ஆகும். அன்றாடம் பயன்படும் ஏற்பாடுகள் அவ்வாறு வீணாவது அரிது. 2023 மார்ச்சில் எச்3என்2 காய்ச்சல் கூடியபோது தமிழ்நாட்டில் ஒரே நாளில் 1,000 இடங்களில் காய்ச்சல் முகாம் நடத்த முடிந்தது. கோவிட் காலத்தில் தெருத்தெருவாக முகாம் நடத்திப் பழகிய பணியாளர்கள் அப்போதும் துறையில் இருந்தனர்.

குடும்பங்கள் ஏற்கும் செலவு

அரசுக் கணக்கில் வராத பெரும்பங்கு குடும்பங்களின்மீது விழுகிறது. முதல் வகை நோயாளி வீட்டில் ஒரு வாரம் தனித்திருக்க வேண்டும் என்பது மருத்துவ அறிவுரை. தறியில் அமர்ந்தால்தான் கூலி என்ற நெசவாளருக்கும், நாட்கூலிக் கட்டடத் தொழிலாளிக்கும், வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் அந்த ஒரு வாரம் வருமான இழப்பு. ஓர் அறையில் ஐவர் வாழும் வீட்டில் தனித்திருத்தல் என்பது சொல்லளவில்தான். ஆகவே காய்ச்சலோடு வேலைக்குச் செல்வது அறியாமையால் மட்டும் நேர்வதன்று. உணவுப் பொருளும் சிறு உதவித்தொகையும் விரைவாகக் கிடைக்கும் ஏற்பாடு, மருந்து இருப்பைப் போலவே பரவலைக் குறைக்கும் செலவாகக் கருதத்தக்கது.

அரசு நிலையம் நிரம்பி வழிந்தால் மக்கள் தனியார் மருத்துவமனைக்குச் செல்வர். அங்கு சில நாள் தீவிர சிகிச்சைக்கு ஆகும் கட்டணம், நகையை அடகு வைக்கவும் வட்டிக்கு வாங்கவும் வைக்கும். ஊர் மையத்தில் தலைக்கு ஆண்டுக்கு 80 ரூபாய் மிச்சம்பிடித்தால், அந்தத் தொகை வேறோர் இடத்தில், வேறொருவர் கையிலிருந்து, பன்மடங்காகச் செலவாகிறது.

தயார்நிலையை மதிப்பிடும் கேள்விகள்

ஓர் ஊரின் தயார்நிலையை அறிய நிபுணர் அறிக்கை தேவையில்லை. வார்டு உறுப்பினரும் குடியிருப்போர் சங்கமும் கேட்கக்கூடிய சில கேள்விகள் போதும்.

- ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் நலவாழ்வு மையங்களிலும் அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் எத்தனை இன்று நிரம்பியுள்ளன?
- மருத்துவர் விடுப்பில் சென்றால் மாற்று மருத்துவர் வருகிறாரா?
- வாரக் காய்ச்சல் அறிக்கை தவறாமல் செல்கிறதா? தனியார் கிளினிக்குகள் அதில் சேர்கின்றனவா?
- பணியாளருக்கு இவ்வாண்டு பருவக் காய்ச்சல் தடுப்பூசி போடப்பட்டதா?
- என்95 முகக்கவசமும் ஆக்சிஜன் அளவு பார்க்கும் கருவியும் எத்தனை நாளைக்குப் போதுமானவை உள்ளன?
- மூச்சுத்திணறலோடு வருபவரை நள்ளிரவில் எந்த மருத்துவமனைக்கு அனுப்புவது என்பது முன்பே முடிவாகியுள்ளதா?

இவற்றில் பெரும்பாலானவை பெருந்தொற்றுக்கு மட்டும் உரியவை அல்ல. அக்டோபர் மழையில் டெங்கு கூடும்போதும், அடையாற்றில் வெள்ளம் வந்து கரையோர வீடுகளுக்குள் நீர் புகும்போதும் இதே கேள்விகளுக்குத்தான் விடை வேண்டியிருக்கிறது. பெருந்தொற்றுக்கான தயார்நிலையை ஆண்டுதோறும் மழைக்காலத்தில் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு அனகாபுத்தூர் போன்ற ஊர்களுக்கு இயல்பாகவே உள்ளது.